பழைய வேனின் கோடை ஆயத்தம்

நெடுந்தூரப் பிரயாணத்துக்குப் புறப்படுமுன் வண்டியைச் சோதித்துச் சீர்செய்துகொள்வது எல்லாத் தேசங்களிலும் உள்ள பழைய வழக்கம். கடையாணியைத் தட்டிப் பார்ப்பதும், அச்சுக்கு மை போடுவதும், மாட்டுக்கு லாடம் அடிப்பதும் நம் முன்னோர் திருவிழாவுக்கு வண்டி கட்டுமுன் செய்த காரியங்களே. மோட்டார் வாகனங்கள் வந்த பிறகு அந்தப் பொறுப்பைப் பெரும்பாலோர் ஒர்க்‌ஷாப்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவ்வாறு ஒப்படைக்காமல், வண்டிக்கு உரியவரே கோடைதோறும் அதன் அடியில் படுத்துத் தம் கையாலேயே செய்து முடிக்கும் ஒரு நியமமாக அது சில வண்டிகளைச் சுற்றி உயிர்த்திருந்தது. அவற்றில் முதல் ஸ்தானம் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேனுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, வோல்ஃப்ஸ்பர்க் நகரத்து வோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கையில் இருந்த காலத்தில், அங்கே வந்த பென் பான் என்னும் டச்சு வியாபாரி, பீட்டில் காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகை பொருத்தித் தொழிற்சாலைக்குள் உதிரிப் பாகங்களைச் சுமப்பதற்குப் பயன்பட்ட ஒரு வண்டியைக் கண்டு, 1947 ஏப்ரல் 23-ஆம் தேதி தம் குறிப்பேட்டில் ஒரு சித்திரம் வரைந்தார். ஓட்டுபவர் முன்னே, என்ஜின் பின்னே, இடையில் சரக்கு என்பதே அதன் முழு யோசனை. 1948-இல் அந்தத் தொழிற்சாலையின் தலைமை ஏற்ற ஹைன்ஸ் நோர்டாஃப் அந்த யோசனைக்கு உருக்கொடுத்தார். பிரவுன்ஷ்வைக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து முகப்பை வளைத்துச் செம்மைப்படுத்திய பின், 1950 மார்ச் 8-ஆம் தேதி உற்பத்தி தொடங்கிற்று. சுமை தாங்குவதற்கென்று பிறந்த அந்தப் பெட்டியை இழுக்க வைத்த என்ஜினோ 1,131 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 25 குதிரைசக்தியும் மட்டுமே உடையது. பிற்காலத்தில் உரியவர்கள் பட்ட சிரமங்களுக்கும் பெற்ற தேர்ச்சிக்கும் இந்தப் பொருத்தமே ஆதி காரணம்.

தச்சருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் என்று ஏற்பட்ட அந்தச் சரக்கு வண்டி உல்லாசப் பிரயாண வண்டியாக மாறியதில், வெஸ்ட்ஃபாலியா என்னும் கூண்டு கட்டும் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1951-இல் அது விற்கத் தொடங்கிய முகாம் பெட்டிகள், வேலை நாட்களில் கழற்றி வைத்துவிட்டு, விடுமுறை வந்ததும் வேனுக்குள் ஏற்றிப் படுக்கையாகவும் சமையல் அடுக்காகவும் விரித்துக்கொள்ளத் தக்கவை. இரண்டு வண்டிகள் வாங்க வசதியற்ற ஒரு தலைமுறைக்கு இது எத்தனை பெரிய அநுகூலம்! யுத்தத்தின் இடிபாடுகளிலிருந்து மெல்லத் தலையெடுத்த அந்த ஜனங்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கோடையில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் வெயிலுக்கும் கடலுக்கும் புறப்பட்டார்கள். 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாய் அவர்களுடைய ராஜபாட்டை. துணிந்தவர்கள் 1935-இல் திறக்கப்பட்டு 2,504 மீட்டர் வரை ஏறுகிற கிராஸ்குளோக்னர் மலைப்பாதையில், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தும் போனார்கள். மற்றக் கார்கள் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கிக்கொண்டு சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கையில், ரேடியேட்டரே இல்லாத இந்த வேன் அவற்றைக் கடந்து ஊர்ந்து ஏறிவிடும்.

ஆனால் கொதிக்க நீர் இல்லை என்பதால் உஷ்ணமே இல்லை என்று எண்ணியவர்களுடைய பிரயாணம் பாதி வழியில் முடிந்துபோனதும் உண்டு. நீர் ஏற்க வேண்டிய சூட்டைக் காற்றும் ஆயிலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய என்ஜின் அது. ஆயிலின் மொத்த அளவு இரண்டரை லிட்டர்தான். கழிவை அரிக்க ஒரு கம்பி வலையைத் தவிர வேறு வடிகட்டி கிடையாது. ஆகையால் புறப்படுமுன் பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, அந்த வலையைக் கழற்றிக் கழுவி, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஆயத்தத்தின் முதல் அங்கம். காற்றை வீசும் விசிறியோ டைனமோவின் அச்சிலேயே பொருத்தப்பட்டு ஒரே பெல்ட்டால் சுழல்வது. பெல்ட் அறுந்தால் மின்சாரமும் குளிர்ச்சியும் ஒரே கணத்தில் நின்றுபோகும். அதை அறிவிப்பது ஓட்டுபவருக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றே. பாட்டரி விவகாரந்தானே, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலும் ஓட்டினவர் என்ஜினையே இழந்தார். மாற்று பெல்ட் ஒன்றும், அதை மாட்டுவதற்கு வேண்டிய ஸ்பானரும் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்ற விதி இப்படித்தான் ஏற்பட்டது. என்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களும், அந்த அறையின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டைகளும் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ஒரு துண்டு விட்டுப்போனாலும் கீழே கழிந்த சூடான காற்று மேலே ஏறி, விசிறியின் வழியாக மறுபடியும் சிலிண்டர்களுக்கே வந்து சேரும்.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது டாப்பட் பார்ப்பது, அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது. என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் ஆதலால் அதற்கு உரிய நேரம் விடியற்காலை. வேனின் பின்புறம் பாயை விரித்துப் படுத்து, பக்கத்துக்கு ஒன்றாக உள்ள மூடியின் கம்பிக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் தள்ளினால், ஒரு சொட்டு ஆயில் முழங்கை வழியே இறங்க, உள்ளே ராக்கர்கள் தெரியும். புல்லியில் வெட்டியுள்ள அடையாளத்தை என்ஜின் பெட்டியின் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளிலும் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். பிற்கால என்ஜின்களுக்கு இடைவெளி 0.15 மில்லிமீட்டர். தகடு தளர்வாக ஓடவும் கூடாது, இறுகி நிற்கவும் கூடாது. மெல்லிய பிடிப்போடு உரசி வர வேண்டும். பின்பு புல்லியை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் திருப்பினால் இரண்டாவது, இன்னும் அரைச் சுற்றில் மூன்றாவது என்று வரிசையாகவே சிலிண்டர்கள் கைக்கு வரும். கற்றவனுக்கு ஓர் இயந்திரம் இதைவிட மரியாதையாக ஒத்துழைக்க முடியாது. மூன்றாவது சிலிண்டரில் தேர்ந்தவர்கள் சற்று அதிக நேரம் நிற்பார்கள். பழைய அமைப்பில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. ஆகையால் அதன் உஷ்ணம் மற்றவற்றைவிட அதிகம், அதன் எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஆயுள் குறைவு. வால்வு நீண்டு இடைவெளி மூடிக்கொண்டால் அது தன் இருக்கையில் முழுக்கப் படியாது. படியாவிட்டால் தான் ஏற்ற சூட்டை இறக்கிவைக்க அதற்கு வேறு இடம் இல்லை. எரிந்து, ஒடிந்து, பிஸ்டனையும் துளைத்துவிடும். சென்ற முறை வைத்த இடைவெளி இம்முறை குறைந்திருக்கிறதென்றால், அது பல நூறு மைல் முன்னதாகவே வந்த எச்சரிக்கை. 1971 மாடல்களில் கூலரைச் சிலிண்டரின் வழியிலிருந்து விலக்கி வைத்த பிறகு இந்த அபாயம் பெரிதும் தணிந்தது.

பிற வேலைகளைச் சுருங்கச் சொல்லலாம்: பிளக்கும் பாயின்டும் சுத்தம் செய்து இடைவெளி வைப்பது, முன் அச்சின் கிங் பின்களுக்குக் கிரீஸ் அடிப்பது, 1967 வரை வந்த வேன்களில் பின் சக்கரங்களின் அருகே தனியே இருந்த சிறு கியர்ப் பெட்டிகளுக்கு ஆயில் மாற்றுவது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. ஆரம்பகால வண்டிகளில் பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் கருவியே கிடையாது. என்ஜின் இருமத் தொடங்கியதும் ரிசர்வ் குழாயைத் திருப்ப வேண்டும் என்பதால், அந்தக் குழாய் துருப்பிடித்து இறுகாமல் திரும்புகிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே சோதித்துக்கொள்வது வழக்கம்.

புதிய வேனுக்கு வேண்டிய இத்தனை சிரத்தை, அது பழையதாகிக் கைமாறியபோது இன்னும் அத்தியாவசியம் ஆயிற்று. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், அற்ப விலைக்குக் கிடைத்த பழைய வேன்களை வாங்கிய வாலிபர்களிடம் மெக்கானிக்குக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, முன் பழக்கமும் இல்லை. அவர்களுக்காக, எஞ்சினியராக இருந்து அந்த உத்தியோகத்தை விட்ட ஜான் மியூர் என்பவர், நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரிலிருந்து 1969-இல் ஒரு ரிப்பேர்ப் புத்தகம் வெளியிட்டார். ஸ்பானரையே கண்டிராதவனும் படித்துச் செய்யத் தக்கதாக, இன்ன வேலைக்கு இன்ன கருவி, இன்ன நிலையில் படுத்துக்கொள் என்று படிப்படியாகச் சொல்லி, பீட்டர் ஆஷ்வாண்டன் வரைந்த சித்திரங்களோடு வந்த அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அறிவாளிகளின் சம்பத்தாக இருந்த வித்தையைச் சாமானியனின் கையில் வைத்த நூல்களுள் இதற்கும் ஓர் இடம் கொடுக்க நான் தயங்கமாட்டேன். தன்னால் முடியும் என்ற தைரியத்தை ஒருவனுக்கு ஊட்டுவது, அவனுக்கு வேனைச் சும்மா பழுதுபார்த்துக் கொடுப்பதைவிடப் பெரிய உபகாரம்.

அந்தத் தைரியத்துக்கு மிகக் கடுமையான பரீட்சை வைத்தது இந்தியாவை நோக்கி வந்த தரைவழி. இஸ்தான்புல்லைத் தாண்டி, எர்ஸுரும், டெஹ்ரான், ஹெராத், காந்தஹார், காபூல் என்று வந்து, கைபர் கணவாய் இறங்கி லாகூர் வழியாக டெல்லி சேரும் அந்தப் பாதையில் இத்தகைய வேன்கள் ஏராளமாக வந்தன. பனிமலையைக் கடக்க ஆயத்தப்படுத்திய முறை பாலைவனத்துக்குப் போதவில்லை. புழுதியே அங்கே பிரதான சத்துரு. காற்றை ஆயிலின்மேல் செலுத்தித் தூசியைப் பிடித்துக்கொள்ளும் ஏர் கிளீனர் அந்த வேன்களில் இருந்தது. அதன் அடியில் சேறாகத் தேங்கும் மண்ணை அடிக்கடி கொட்டிக் கழுவிப் புது ஆயில் ஊற்றாதவர்களுடைய சிலிண்டர்கள் உப்புத்தாளில் உரைத்தாற்போல் தேய்ந்தன. 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை நுழைந்ததும் அந்த வழியை அடைத்துவிட்டன. எல்லைகள் மூடிக்கொண்டதால் எத்தனை மனிதர் எத்தனை மனிதரைச் சந்திக்காமல் போனார்கள் என்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது.

ஜெர்மனியில் பழைய வடிவம் நின்றபின்னும் பிரேசிலில் தொடர்ந்த உற்பத்தி, காற்றுப்பையும் புதிய பிரேக் அமைப்பும் கட்டாயமானதால் 2013 டிசம்பரில் முடிவுற்றது. ஜெர்மனியில் செய்யப்பட்டு எஞ்சிய வேன்கள் முப்பது வயதைக் கடந்தவை என்பதால், அங்கே பழைய வண்டிகளுக்கென்று 1997 முதல் வழங்கப்படும் ‘எச்’ எழுத்து நம்பர் பலகையோடு இன்றும் கோடையில் மலை ஏறுகின்றன. அவற்றின் ஆயத்தத்தில் ஒரு புதிய அங்கமும் சேர்ந்திருக்கிறது. 2011 முதல் அங்கே பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் விற்கப்படுகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் சீக்கிரம் கெடுத்துவிடும். துணி சுற்றிய அந்தக் குழாய் வெளியே நன்றாகத் தோன்றும்போதே உள்ளே வெடித்திருக்கும். கசியும் பெட்ரோல் சொட்டும் இடமோ சூடேறிய என்ஜின். அதன் பெட்டியோ ஒருமுறை பற்றினால் அணைக்க அரிதான மக்னீஷியக் கலவை. ஆகையால் விவரம் அறிந்தவர்கள் குழாய் பார்வைக்கு எப்படி இருந்தாலும் சில வருஷங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றிக் கிளிப் இறுக்குகிறார்கள். ஆயில் மாற்றுவதற்கும் முன்னால் இன்று இந்த வேலைதான் நடக்கிறது.