பூட்டிய கதவும் பொதுச் சந்தாவும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் விளையாட்டுச் சங்கம் ஒன்றின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். கல்வி ஏட்டோடு முடிவதன்று. உடலைப் பேணவும், பலரோடு கூடி ஒழுங்குடன் இயங்கவும், பொதுப்பணத்தை நேர்மையுடன் காக்கவும் மனிதனைப் பழக்குவது எதுவோ, அதுவும் கல்வியே. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் தொழிலாளர்கள் தாமே நிறுவி வளர்த்த ‘ஃபிக்டே’ சங்கத்தின் கதை இதற்குச் சான்றாகும்.

முதலில் அப்பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஃபிக்டே என்பவர் தத்துவப் பேராசிரியர். 1762இல் ராமெனாவ் என்னும் சிற்றூரில் நாடா நெய்யும் ஏழையின் மகனாகப் பிறந்தார். வாத்து மேய்த்த அச்சிறுவன், ஞாயிறுதோறும் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே ஒப்பிக்க வல்லவன். ஒருநாள் பிரசங்கத்துக்குத் தாமதமாக வந்த பிரபு ஒருவர், அதனைச் சிறுவன் வாயால் கேட்டு வியந்து, அவனைப் படிக்க வைத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அவனே பின்னாளில் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அந்தப் பிரபு அன்று தாமதமாக வராதிருந்தால்? இவ்வினாவை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. கட்டுரையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்லின் ஆலைகளால் பெருகிற்று. தொழிலாளர் குடும்பங்கள் காற்றும் ஒளியும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தன. காசநோய் அவர்களை வாட்டிற்று. உடற்பயிற்சிச் சங்கங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆயின் அவை மன்னர் புகழும் போர்வெற்றி விழாவும் கொண்டாடும் இடங்களாகவே பெரும்பாலும் இருந்தன. 1878 முதல் 1890 வரை நடைமுறையில் இருந்த அடக்குமுறைச் சட்டமோ தொழிலாளர் அமைப்புகளைக் கலைத்துப் போட்டது. அச்சட்டம் காலாவதியான 1890ஆம் ஆண்டிலேயே ஃபிக்டே சங்கம் தோன்றிற்று. 1893இல் கேரா நகரில் நாடு தழுவிய தொழிலாளர் உடற்பயிற்சிக் கூட்டமைப்பும் உருவாயிற்று.

கதவு எளிதில் திறக்கவில்லை. பள்ளிகளின் பயிற்சிக் கூடங்கள் பல இடங்களில் தொழிலாளர் சங்கங்களுக்கு மறுக்கப்பட்டன. சிறுவர்க்குப் பயிற்சி அளிப்பவர் அரசின் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றனர். கேட்டவர்க்கு அச்சீட்டைக் கொடுக்கவும் மறுத்தனர். 18 வயது நிரம்பாதோர் அரசியல் சங்கங்களில் சேரலாகாது என 1908ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதனைக் காட்டி, தொழிலாளர் உடற்பயிற்சிச் சங்கங்களை அரசியல் சங்கங்கள் என்று முத்திரையிட்டு இளைஞரைப் பிரிக்க முயன்றனர். மன்னர் பிறந்தநாளைக் கொண்டாடிய சங்கங்களில் மட்டும் அரசியல் ஏதும் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை! பூட்டிய கதவின் முன் தொழிலாளர் அழுதுகொண்டு நிற்கவில்லை. உணவு விடுதிகளின் கூடங்களிலே மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி செய்தனர். தம் சிறு கூலியிலிருந்து சந்தா செலுத்திச் சங்கத்தைக் காத்தனர்.

1918இல் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. உழைப்பாளிக்கு முதன்முறையாக மாலைப்பொழுது சொந்தமாயிற்று. உடற்பயிற்சியோடு தொடங்கிய ஃபிக்டே, ஓட்டம், நீச்சல், கால்பந்து, நெடுநடைப் பயணம் எனப் பல பிரிவுகளாக விரிந்தது. பெண்களும் சிறுவர்களும் சேர்ந்தனர். உறுப்பினர் தொகை ஏறக்குறைய 10,000ஐ எட்டியது. 1932இல் வெளிவந்த ‘கூலே வாம்பெ’ என்னும் திரைப்படத்தில் தொழிலாளர் விளையாட்டு விழாவை நாம் காணலாம். அதில் நடிகர்களோடு ஃபிக்டே சங்கத்தாரும் பங்கு கொண்டனர்.

இனி வருந்தத்தக்க செய்திக்கு வருவோம். கூட்டமைப்பின் தலைமை சமூக சனநாயகக் கட்சியினரிடம் இருந்தது. ஃபிக்டேயில் பொதுவுடைமையர் செல்வாக்குப் பெற்றனர். பூசல் முற்றி, 1928இல் ஃபிக்டே கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒரே ஆலையில் வேலை செய்து ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் இரு முகாம்களாகப் பிரிந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவருடைய அரசு இரு முகாம்களுக்கும் இடையே வேறுபாடு பார்க்கவில்லை. அவ்வாண்டிலேயே இரண்டும் தடை செய்யப்பட்டன, உடைமைகள் பறிபோயின. பிரிந்து நின்றவர்கள் ஒன்றாகவே வீழ்ந்தனர்.

ஆயினும் சங்கம் ஊட்டிய உறுதி அழியவில்லை. ஃபிக்டே உறுப்பினரான வில்லி சேங்கர் மறைவாக இயங்கி அக்கொடுங்கோன்மையை எதிர்த்தார். 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். பெர்லினின் வேறொரு தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்த மல்யுத்த வீரர் வெர்னர் சீலன்பிண்டர், 1933இல் வெற்றிமேடையில் ஹிட்லர் வணக்கம் செய்ய மறுத்தார். 1936 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அவருக்கும் 1944 அக்டோபர் 24ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இவ்விருவர் பெயரையும் இன்று பெர்லினில் விளையாட்டுத் திடல்கள் தாங்கி நிற்கின்றன.

போருக்குப்பின் ஃபிக்டே தன் பழைய பெருநிலையை மீண்டும் எய்தவில்லை. மேற்கு ஜெர்மனியில் தொழிலாளர் விளையாட்டுத் தலைவர்கள் தனிக் கூட்டமைப்பை மறுபடியும் அமைக்காது, 1950இல் தோன்றிய பொது விளையாட்டுக் கூட்டமைப்பில் இணைந்தனர். பிளவின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர்.

இளைஞர்களே! முன்னர் எழுப்பிய வினாவுக்கு மீண்டும் வருவோம். பிரபு தாமதமாக வந்ததால் வாத்து மேய்த்த ஒரு சிறுவன் உயர்ந்தான். அவ்வூரில் வாத்து மேய்த்த மற்றச் சிறுவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெர்லின் தொழிலாளர்களோ எந்தப் பிரபுவின் வருகைக்கும் காத்திராமல், கூலியில் மிச்சம் பிடித்த சில்லறைக் காசினால் பல்லாயிரவர்க்குக் கதவு திறந்தனர். ஒருவர் கருணை ஒருவனை உயர்த்தும். பலர் சந்தா ஒரு தலைமுறையை உயர்த்தும். அவ்வாறு திறந்த கதவை உட்பூசலால் மீண்டும் மூடிவிடலாகாது என்பதே அவர்கள் பட்டறிந்த பாடம். இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நம் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தை அடுத்த முறை கையில் எடுக்கும்போது, இவ்விரண்டையும் நினைவில் கொள்வோமாக.