செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ: இன்ஜின் ஆயில் எப்போ பார்க்கணும்?

போலோ தயாரிப்பு இந்தியாவில் 2022-ல் நின்றுபோனதால், இப்போ ஜிடி டிஎஸ்ஐ வாங்கினால் செகண்ட் ஹேண்ட்தான். இந்த டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்கிறது ஃபோக்ஸ்வேகன் கையேடு. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே இருப்பதே சுமார் 1 லிட்டர். அந்தக் கணக்கில் 2,000 கி.மீ.யிலேயே கீழ்க்கோடு வந்துடும். சர்வீஸோ 15,000 கி.மீ.க்கு ஒருமுறைதான்!

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றால் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால் மாசம் 2 தடவையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்க. சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை ஆஃப் செய்து, சில நிமிடம் கழித்து எடுக்கணும். துடைச்சிட்டு மறுபடி விட்டு எடுத்தால்தான் சரியான அளவு தெரியும்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தமே விழுந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க.