வாயில்லா உயிர்களின் வைத்தியர்கள்



மனிதருக்கு வைத்தியம் செய்பவரை ‘டாக்டர்’ என்று மட்டும் அழைக்கும் நம் மக்கள், கால்நடை மருத்துவரை ‘மாட்டு டாக்டர்’ என்று அடைமொழி சேர்த்தே அழைக்கின்றனர். அவ்வடைமொழியில் சிறிது ஏளனமும் கலந்திருப்பதுண்டு. மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுதும் பருவத்தில், வேறொன்றும் கிடைக்காவிட்டால் இதுவேனும் கிடைக்கட்டும் என்று இப்படிப்பைக் கடைசியில் குறித்த மாணவர் பலரைத் தலைமையாசிரியனாக நான் கண்டிருக்கிறேன். இம்மனப்பான்மை வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு நமக்கு உரிய சான்றாகும். தம் ஆட்சிப் பரப்பிலும், அதற்கு அப்பால் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும் இருவகை மருத்துவத்திற்கு ஏற்பாடு செய்ததாக அவர் கூறுகிறார். ஒன்று மனிதருக்கு, மற்றொன்று விலங்குகளுக்கு. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடச்செய்ததையும் கல்வெட்டு சொல்கிறது. பேரரசர் ஒருவர் இவ்விரு மருத்துவத்தையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து வைத்தார் என்பதை மறக்கலாகாது.

தமிழ்நாட்டிலும் மாட்டு வாகடம் என்னும் பெயரால் ஏட்டுச் சுவடிகள் இருந்தன. கிராமத்து வைத்தியர்கள் அவற்றைக் கற்றும், தந்தையிடம் கேட்டும், பச்சிலையும் சூடும் கொண்டு மாடுகளைக் காத்தனர். வயிற்று உப்புசத்திற்கும் காயத்திற்கும் அவர்கள் கைமருந்து உதவியது. ஆனால் வெக்கை நோய் என்னும் கொள்ளைநோய் வந்தபோது அவர்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, சில நாட்களுக்குள் ஒரு தொழுவமே வெறுமையாகிவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் நம் நாஞ்சில் நாட்டில், உழவு தொடங்கும் வேளையில் ஏர்மாடு இறப்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு போவதற்கு ஒப்பாகும். உழவனுக்கு மாடு செல்வம் மட்டுமன்று. அது அவனுடைய கைகால்.

இந்நோயே உலகில் கால்நடை மருத்துவக் கல்வி பிறப்பதற்கும் ஒரு பெருங்காரணமாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகளை இது வாரிக்கொண்டு போயிற்று. அந்நிலையில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளியின் தலைவராயிருந்த குளோத் பூர்ழெலா என்பவர், விலங்கு மருத்துவம் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டுமென அரசை வேண்டினார். 1761-இல் அனுமதி கிடைத்தது. 1762-இல் பள்ளி திறக்கப்பட்டது. கால்நடை மருத்துவத்திற்கென எழுந்த முதற் கல்விநிலையம் அதுவே. 1791-இல் லண்டனிலும் ஒன்று அமைந்தது.

இந்தியாவில் இக்கல்வி இராணுவக் குதிரைகளின் பொருட்டே முதலில் வந்தது. 1862-இல் புனேயில் ஓர் இராணுவக் கால்நடை மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. பின்னர் லாகூர், பம்பாய், கல்கத்தா நகரங்களில் கல்லூரிகள் எழுந்தன. சென்னைக் கல்லூரி 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் வேப்பேரியில் ‘டாபின் ஹால்’ என்னும் கட்டடத்தில் தொடங்கிற்று. அங்கு முதலில் பட்டயம் மட்டுமே அளிக்கப்பட்டது. 1930-களின் இடையில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, மாணவர்கள் பட்டம் பெறலாயினர். 1989-இல் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. 2012-இல் நம் அண்டை மாவட்டமான திருநெல்வேலியில், இராமையன்பட்டியிலும் ஒரு கல்லூரி அமைந்தது. இராஜாக்கமங்கலத்து மாணவன் இப்படிப்புக்காக வெகு தொலைவு செல்லவேண்டிய நிலை இன்றில்லை.

இக்கல்லூரிகளின் வாயில் எல்லோருக்கும் எளிதாகத் திறக்கவில்லை. அயர்லாந்தில் உயர்குடியிற் பிறந்த அலீன் கஸ்ட் என்னும் பெண்மணி, குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி, தம் பெயரைச் சிறிது மாற்றிக்கொண்டு எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1900-இல் படிப்பை முடித்தும், பெண் என்னும் காரணத்தால் அவருக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது. அவர் மனம் தளராது அயர்லாந்தின் கிராமங்களில் வைத்தியம் செய்துவந்தார். சட்டம் மாறிய பின்னர் 1922-இல்தான் அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. நம் நாட்டில் 1952-இல் சென்னைக் கல்லூரியில் தேறிய சக்குபாய் இராமச்சந்திரன் அவர்கள் இந்தியாவின் முதற் பெண் கால்நடை மருத்துவராகப் போற்றப்படுகிறார்.

இம்மருத்துவர்களின் அன்றாட வாழ்வையும் சிறிது எண்ணிப் பாருங்கள். மனித மருத்துவரிடம் நோயாளி ‘இங்கே வலிக்கிறது’ என்று சொல்வான். பசு சொல்லாது, நாய் சொல்லாது, பூனையோ நோயை மறைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும். அசைபோடுவது நின்றதா, காது தொங்கிற்றா, சாணம் எவ்வாறிருக்கிறது, உடற்சூடு எவ்வளவு என்பவற்றைக் கொண்டே நோயை அறிதல் வேண்டும். ஓர் இனத்திற்கு ஏற்ற மருந்து மற்றோர் இனத்திற்கு நஞ்சாகலாம். மனிதர் உட்கொள்ளும் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். உதைக்கும் கடிக்கும் அஞ்சாது, நோயாளியின் நோய் தம்மையும் தொற்றலாம் என்பதை அறிந்தே அவர்கள் பணிபுரிகின்றனர்.

நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் நாயும் பூனையும் கொணர்ந்து காத்திருப்போரைக் கண்டு, இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எள்ளுவர். அது பொருந்தாது. நாய்க்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி, தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தையையும் காக்கிறது. கடிபட்டவருக்கு மருத்துவம் செய்யும் பொருட்டு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிற்று. ஆயினும் நோயை நாயிடத்திலேயே தடுப்பது கால்நடை மருத்துவரின் கையில் உள்ளது. நோய்க்குறி வெளிப்பட்டபின் மனிதரைப் பிழைக்க வைப்பது ஏறக்குறைய இயலாது. ஆகவே நாய் கடித்தால் உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும் என்பதை நீங்கள் மறவாதீர்கள்.

காட்டு விலங்குகளுக்கென வாழ்ந்த ஒருவரையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். தமிழ்நாட்டு வனத்துறையில் கால்நடை மருத்துவராயிருந்த வி. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் யானைகளிடையே தம் வாழ்நாளைக் கழித்தார். ஓய்வு பெற்ற பின்னரும் அவர் தொண்டு நிற்கவில்லை. 1998-இல், பலரைக் கொன்றதாகச் சுட்டுக்கொல்லப்பட இருந்த காட்டு மோழை யானையொன்றைப் பிடித்து, அதன் காயங்களை ஆற்றிப் பிழைக்கச் செய்தார். அந்த யானைக்கு ‘மூர்த்தி’ என்று அவர் பெயரே இடப்பட்டது. 2002-இல் அவர் மறைந்தார். குமரி மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயமோகன் அவரை ‘யானை டாக்டர்’ என்னும் கதையில் அழியாது நிறுத்தியுள்ளார்.

ஆனால் கதையில் இடம்பெறாத ஆயிரக்கணக்கானோரும் உளர். 1954-இல் வெக்கை நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று. தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நடந்தும் சைக்கிளிலும் ஊர் ஊராகச் சென்று, முரண்டு பிடிக்கும் மாட்டையும் தயங்கி நிற்கும் உரிமையாளரையும் ஒருங்கே இணங்கச் செய்து ஊசி போட்டவர்கள் கால்நடை மருத்துவர்களும் அவர்தம் உதவியாளர்களுமே. 1995-க்குப் பின் அந்நோய் இந்தியாவில் காணப்படவில்லை. 2011-இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் உலகினின்று நீக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவே.

மாணவர்களே, வெக்கை நோய் என்னும் பெயரையே உங்களுள் பலர் இன்றுதான் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பணி அத்துணை முழுமையாக நிறைவேறியது! நோய் மறைந்தவுடன் அதை விரட்டியவரையும் மறப்பது உலக இயல்பு. வரலாறு கற்பவர் அவ்வாறு மறத்தல் ஆகாது. உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்நோய் வந்த ஆண்டினைப் பற்றிக் கேளுங்கள். அதன்பின் விண்ணப்பத்தில் இப்படிப்பை எந்த வரியில் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.