கழிவும் கமிஷனும்: கரிசல் நாட்டுச் சீட்டில் நடத்துகூலியின் அளவு

மத்திய அரசின் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு என்பதை வரையறுக்கும் இடத்தில் பணத்தோடு தானியத்தையும் சேர்த்துச் சொல்கிறது. உறுப்பினர் கட்டுவது இவ்வளவு ரூபாயாக இருக்கலாம், இவ்வளவு தானியமாகவும் இருக்கலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என விரியும் கரிசல் வட்டாரத்தைப் பற்றி எழுதுபவர் இந்தச் சொற்களைக் கடந்துபோக முடியாது. இங்கே வானம் பார்த்த புஞ்சைதான் பிழைப்பு. புரட்டாசி, ஐப்பசியில் கையில் இருப்பதெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போய்விடும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மல்லி வீடு வந்து காசாவது தை, மாசிக்குப் பிறகு. இந்த இடைவெளியையும், தீப்பெட்டி ஆலைகளின் வாரக்கூலியை மொத்தப் பணமாக மாற்ற வேண்டிய தேவையையும் ஈடுகட்டும் ஏற்பாடுகளில் சீட்டும் ஒன்று. அதை நடத்தித் தருவதற்கு உறுப்பினர் என்ன விலை கொடுக்கிறார், அந்த விலையைச் சட்டம் சரியான கோலால் அளக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் சட்டத்தின் சிறப்பைச் சொல்லியாக வேண்டும். சீட்டு நடத்துபவருக்கு உரிய தொகையை 21-ஆம் பிரிவு பேசுகிறது. அத்தொகை கமிஷனோ, ஊதியமோ, சீட்டு நடத்தும் செலவோ, எந்தப் பெயரில் எடுத்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். அலுவலக வாடகை தனி, வசூல் ஆள் சம்பளம் தனி, கணக்கர் கூலி தனி என்று பிரித்து உறுப்பினர் தலையில் ஏற்ற வழியில்லை. பெரும்பணக்காரர்களின் தனியார் முதலீட்டு நிதிகளில் இந்தக் காப்பு கிடையாது. ஆண்டுக்கு 2 சதவீத நிர்வாகக் கட்டணம், ஆதாயத்தில் 20 சதவீதப் பங்கு என்பது அங்கே உலகளாவிய வழக்கம். செலவுகள் அதற்கு மேல் தனி. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஆய்வு அதிகாரிகள் அத்தகைய நிறுவனங்களைச் சோதித்தபோது, கட்டணத்தையும் செலவையும் கையாண்ட விதத்தில் பாதிக்கு மேற்பட்ட தடவை விதிமீறலோ பெருங்குறையோ கண்டதாக 2014-இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். காலாண்டுதோறும் கட்டணக் கணக்கை முதலீட்டாளருக்குத் தர வேண்டும் என்று அந்த ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி இயற்றியது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியாவில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகள் பொதுவாகக் குறைந்தபட்ச முதலீட்டை ஒரு கோடி ரூபாய் என வைத்துக் கட்டணத்தை வெளிப்படுத்தச் சொல்கின்றன; உச்சவரம்பு விதிப்பதில்லை. ஆக, கோடி ரூபாய்க்காரருக்கு இல்லாத பாதுகாப்பு, மாதம் ஐயாயிரம் கட்டும் சீட்டுக்காரருக்கு ஏட்டளவிலேனும் இருக்கிறது.

ஆனால் உச்சவரம்பு எதன் மீது கணக்கிடப்படுகிறது என்று பார்க்கும்போது நிலைமை மாறுகிறது. 1982-இல் அது சீட்டுத் தொகையில் 5 சதவீதம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7 சதவீதமாக உயர்த்தியது. கேட்பதற்கு இரண்டும் சிறிய எண்கள்.

20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், சீட்டுத் தொகை ஒரு லட்சம் என்று ஓர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதாந்திர ஏலத்தில் சீட்டுத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுப்பவரே அந்த மாதச் சீட்டை எடுப்பார்; அவர் விட்டுக்கொடுக்கும் தொகைதான் கழிவு, பேச்சுவழக்கில் தள்ளு. நடத்துபவரும் ஓர் உறுப்பினராக இருந்து, சட்டம் அனுமதிக்கிறபடி முதல் தவணையைக் கழிவில்லாமல் முழுதாக எடுத்துக்கொள்கிறார். மீதி 19 ஏலங்களில் தலா 5,000 வீதம் அவர் பெறும் கமிஷன் 95,000 ரூபாய். இந்தத் தொகையை எதனோடு ஒப்பிடுவது? சட்டம் கைமாறிய மொத்தப் பணத்தோடு ஒப்பிடுகிறது. அதனால் 5 சதவீதம். சீட்டு செய்யும் உண்மையான வேலையோ இன்னும் எடுக்காதவரின் சேமிப்பை எடுத்தவரிடம் கடனாகச் சேர்ப்பது. அந்தச் சேமிப்பு நிலுவையைக் கணக்கிடலாம். முதல் மாதம் எடுக்காத 19 பேர் தலா 5,000 கட்டியிருக்கிறார்கள். பத்தாவது மாதம் எடுக்காத 10 பேர் தலா 50,000 கட்டியிருக்கிறார்கள். இப்படி மாதந்தோறும் கூட்டிச் சராசரி பார்த்தால், கழிவுப் பங்கை விட்டுவிட்டால், நிலுவை சுமார் 3,32,500 ரூபாய். 20 மாதக் கமிஷனை ஓராண்டுக்குச் சுருக்கினால் 57,000. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 17 சதவீதம். கமிஷன் 7 சதவீதமானால் இதுவே 24 சதவீதம்.

அதே ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டை 40 பேர், மாதம் 2,500, 40 மாதம் என்று நீட்டிப் பார்த்தால் 5 சதவீதக் கமிஷனின் ஆண்டுச் சுமை 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உச்சவரம்பு ஒன்றே, சுமை பாதி. சட்டத்தின் அளவுகோல் காலத்தைப் பார்ப்பதில்லை என்பதே காரணம். அடுத்த மழை பொய்க்குமோ என்ற பயத்தோடு ஆண்டுக்கு ஆண்டு திட்டமிடும் புஞ்சைக்காரரும், ஆலை எத்தனை நாள் ஓடும் என்று உறுதியில்லாத கூலிக்காரரும் நாற்பது மாதத்துக்குக் கைச்சாத்திடத் தயங்குவது இயல்பு. குறுகிய சீட்டை நாடுகிறவரே அதிக விலை கொடுக்கிறார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசியில் அவசரத்துக்கு 30,000 தள்ளிச் சீட்டு எடுப்பவரின் இழப்பு முழுவதும் நடத்துகூலி ஆகாது. அதில் கமிஷன் போக மிச்சம் மற்ற உறுப்பினர்களுக்குத்தான் பிரிகிறது. ஊர்ப்பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. குழுவை விட்டு வெளியேறுவது கமிஷன் மட்டுமே. ஆகவே கமிஷன் உயர்வின் வலி ஏலம் சூடாக இருக்கும் மாதங்களில் தெரியாது. 20,000 தள்ளு போன மாதத்தில் ஒருவருக்கு 750 ரூபாய் கிடைத்த இடத்தில் 650 கிடைக்கும். விளைச்சல் வந்து எல்லார் கையிலும் பணம் இருக்கும் மாசி, பங்குனியில் தள்ளு 10,000-ஆக இறங்கினால், 250 கிடைத்த இடத்தில் 150 மட்டுமே. இரண்டு சதவீத உயர்வு சேமிப்பவரின் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. கமிஷன் மீது விதிக்கும் ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12-இலிருந்து 18 சதவீதமானது. 7,000 மீது அது 1,260 ரூபாய். அதையும் கழிவிலிருந்தே எடுத்தால் அந்த 150 ரூபாய் 87 ஆகிவிடும்.

2019 திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், சட்டம் வந்த நாளிலிருந்து விகிதம் மாறவில்லை, செலவோ பலமடங்கு ஏறிவிட்டது என்பது. எனக்கு இந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. கமிஷன் நிலையான ரூபாயாக இருந்திருந்தால் வாதம் பொருந்தும். அது சீட்டுத் தொகையின் விகிதம். விலைவாசியோடு சீட்டுத் தொகையும் ஏறும்போது கமிஷனும் தானாகவே ஏறியிருக்கும். பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டும் ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டும் கேட்கும் ஏட்டுவேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

நடத்துபவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. சீட்டு எடுத்தவர் தவணை கட்டத் தவறினால் அந்தத் துண்டைத் தன் கைக்காசால் நிரப்பி ஏலத்தை நடத்த வேண்டியவர் அவர்தான். சட்டப்படி பதிவாளரிடம் அவர் பிணை கட்ட வேண்டும். அந்தப் பணமும் முடங்கிக் கிடக்கும். மழை தவறிய ஆண்டில் ஒரே கிராமத்தின் உறுப்பினர்கள் ஒரே சமயத்தில் தவணை தவறக்கூடிய பூமி இது. ஆகவே கமிஷனில் ஒரு பகுதி கூலி, ஒரு பகுதி இந்த இடரை ஏற்பதற்கான விலை. இரண்டாவதைக் குறைத்தால் நேர்மையாக நடத்துபவர் விலகுவார். பதிவில்லாமல் சீட்டுப் பிடிப்பவரின் கைக்கு ஊர்ப்பணம் போய்விடும். அந்த ஆபத்தைச் சிறிதாக எண்ண எனக்கு மனமில்லை. எனினும் இடரின் அளவு நிலுவையையும் காலத்தையும் பொறுத்தது. அதற்கான விலையைச் சீட்டுத் தொகையின் மீது தட்டையாக வைப்பதற்கு இந்த நியாயமும் துணைவராது.

உச்சவரம்புக்கு வெளியே நிற்பவையும் உண்டு. முதல் தவணையைக் கழிவின்றி எடுப்பது நடத்துபவருக்கு வட்டியில்லாக் கடன். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மாதம் ஒரு சதவீத வட்டி என்று போட்டாலே அதன் மதிப்பு சுமார் 9,500 ரூபாய். தவணை தவறியவரிடம் வாங்கும் வட்டியும் அபராதமும் தனி. சீட்டு எடுத்தவர் ஜாமீன்தாரரைத் தேடி அலையும் கூலியிழப்பும், ஜாமீன் சரிபார்ப்பு முடியும்வரை பணம் கைக்கு வராமல் கழியும் நாட்களும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விதைப்பு ஈரம் காயும் முன் வர வேண்டிய பணம் பிந்தி வந்தால், தள்ளிய தொகைக்கு மேலே ஒரு போக விளைச்சலும் போய்விடும்.

திருத்தம் எழுதுவோர் சதவீதத்தை ஏற்றுவதா இறக்குவதா என்ற விவாதத்தோடு நிற்கக் கூடாது. உச்சவரம்பைச் சீட்டின் கால அளவோடு இணைத்து, 20 மாதச் சீட்டுக்கு ஒரு விகிதம், 40 மாதச் சீட்டுக்கு வேறொரு விகிதம் என வகுக்க முடியும். முதல் தவணைச் சலுகையின் மதிப்பையும் அதற்குள்ளேயே அடக்க முடியும். பதிவுக்கு வரும் ஒவ்வொரு சீட்டு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலும், உறுப்பினர் ஒருவர் கடைசித் தவணைவரை கமிஷனாகவும் வரியாகவும் கொடுக்கப்போகும் மொத்தத்தைத் தமிழில், ரூபாயில், ஒரே எண்ணாக எழுதச் சொல்வதற்குப் பதிவுத்துறைக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. 7 சதவீதச் சீட்டில் 20 பேரில் ஒருவருக்கு அந்த எண், ஜிஎஸ்டி சேர்த்து, 7,847 ரூபாய்.