போகாமல் நின்றவர்: சினிமாஸ் குணரத்தினமும் என் தந்தையாரும்

இரத்மலானை என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். இலங்கையின் முதலாவது விமான நிலையம் அது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற்சேவை அங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. எனக்கு இரத்மலானை என்பது வேறு. அது நான் படித்த இந்துக் கல்லூரி. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்காக அப்பாவின் கையைப் பிடித்தபடி காத்துநின்ற இடம். 1983 ஜூலையில் என் வகுப்பறைக்குள்ளேயே அகதியாக நான் படுத்துறங்கிய இடமும் அதுதான்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தவர். பெரிய மனிதர் எவரோடும் அவருக்குப் பழக்கம் இருந்ததில்லை. ஆயினும், தாம் ஒருபோதும் நேரிற் பேசியிராத ஒரு மனிதரைத் தம் வாழ்க்கைக்கு அளவுகோலாக வைத்திருந்தார். அவர் சினிமாஸ் கே. குணரத்தினம். இந்தக் கட்டுரை குணரத்தினத்தைப் பற்றியது. அப்பாவைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் இயலாது.

இலங்கைச் சினிமாவின் தொடக்க வரலாற்றைப் புரட்டுபவர்கள் முதலில் வியப்பது அதில் தமிழர் வகித்த இடத்தைக் கண்டுதான். 1947 ஜனவரியில் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். அது மதுரையில் உருவான படம். அதே ஆண்டில் 'அசோகமாலா' வந்தது. அதன் பின்னால் இருந்தவர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் சேர். சிற்றம்பலம் கார்டினர். இவ்வரிசையில் மூன்றாமவராக வந்து சினிமாஸ் லிமிடெட் நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர் குணரத்தினம். இந்தியப் படங்களை இறக்குமதி செய்து நாடெங்கும் திரையிட்ட அவர், 1953 இல் 'சுஜாதா'வைத் தயாரித்தார். அதன் பெருவெற்றியைத் தொடர்ந்து 'தொஸ்தர' முதலிய படங்கள் வந்தன. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நிறுவினார். தென்னிந்தியக் கலையகங்களை நம்பியிருந்த சிங்களப் படவுலகு உள்ளூரிலேயே படமெடுக்கப் பழகியதில் அந்த ஸ்டூடியோவுக்கும் பங்குண்டு.

அப்பாவுக்கு இதெல்லாம் வரலாறல்ல, சொந்த அனுபவம். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது அவருக்குச் சிங்களம் நான்கு சொற்களுக்கு மேல் தெரியாது. படிப்பிக்க ஆளில்லை, படிக்க நேரமுமில்லை. சனிக்கிழமை மாலைகளில் மலிவான ஆசனத்தில் இருந்து சிங்களப் படம் பார்த்தார். ஒரே படத்தை மூன்று தடவை பார்ப்பாராம். முதற்தடவை கதைக்கு, அடுத்த இரண்டும் பாஷைக்கு. "எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தது குணரத்தினத்தார்தான்" என்று எங்களிடம் அடிக்கடி சொல்லுவார். பிற்காலத்தில் வெள்ளவத்தை பிளாசாவுக்கும் கொட்டாஞ்சேனை செல்லமஹாலுக்கும் எங்களைத் தமிழ்ப்படம் பார்க்க அழைத்துச் சென்றபோதும், இடைவேளையில் அவர் பேசியது சிங்களப் படங்களைப் பற்றித்தான்.

குணரத்தினத்தை வெறும் வியாபாரி என்று ஒதுக்கிவிடுபவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் எடுத்த 'ரேகாவ' இன்று இலங்கையின் பெருமைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. அன்று வசூலில் அது தோற்றது. அடுத்த படத்துக்கு அந்த இயக்குநர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்நிலையில் அவரிடம் நம்பி முதலிட்டவர் குணரத்தினம். போர்த்துக்கேயர் காலத்தைக் களமாகக் கொண்ட 'சந்தேசய' 1960 இல் வெளிவந்து நன்றாக ஓடியது. காமினி பொன்சேகாவின் நட்சத்திர வாழ்வுக்கு வழிதிறந்த படங்களில் அதுவும் ஒன்று. தோற்றுப்போன ஒருவரிடம் இரண்டாவது வாய்ப்பை ஒப்படைப்பது வணிகக் கணக்கில் மட்டும் அடங்கும் செயலன்று.

ஆயினும் புகழுரையோடு நிறுத்திக்கொள்வது செய்தியாளனுக்கு அழகல்ல. படத் தயாரிப்பு, இறக்குமதி, விநியோகம், திரையிடல் யாவும் சில பெருநிறுவனங்களின் கையில் இருந்தமை பற்றி அன்றே கடுமையான விமரிசனம் எழுந்தது. தென்னிந்தியப் படங்களின் அச்சில் சிங்களப் படங்கள் வார்க்கப்பட்டன என்பது ஒரு குற்றச்சாட்டு. இந்தியத் தமிழ்ப்படங்களை வரவழைத்து இலாபம் கண்டவர்கள் ஈழத்தில் ஒரு தமிழ்ச் சினிமா முளைவிட இடங்கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கி, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குச் சென்றபோது, தனியார் நிறுவனங்களின் ஆதிக்கம் ஒடுங்கியது. அதற்காகக் கண்ணீர் வடித்தோர் அதிகமில்லை. அப்பாவும் வடிக்கவில்லை. "முதலாளிமார் கொஞ்சம் குறைவாச் சாப்பிட்டால் ஒண்டும் கெட்டுப்போகாது" என்றுதான் சொன்னார்.

இனி 1983. ஜூலை 23 ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், மறுநாளிரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை கொழும்பெங்கும் பரவியதும் உலகறிந்தவை. எங்கள் வாடகை வீடு 25 ஆம் திகதி பிற்பகல் எரிந்தது. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று எங்களை அன்றிரவு ஒளித்து வைத்திருந்து, மறுநாள் கல்லூரிக்கு அனுப்பியது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையும் இந்துக் கல்லூரியும் அகதி முகாம்களாகியிருந்தன. நான் பதினான்கு வயதுச் சிறுவன். கணிதம் படித்த அறையில், கரும்பலகைக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு இடங்கிடைத்தது. தலைக்கு வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு செருப்புச் சோடிதான் இருந்தது.

முகாமில் செய்திகள் ஆளுக்கு ஆள் மாறி வந்துகொண்டிருந்தன. எந்தக் கடை போயிற்று, எந்த ஆலை போயிற்று என்று ஆண்கள் கூடிநின்று பேசுவார்கள். ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்திவிட்டார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் வந்தது. அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் எரிந்து போயின. எரிந்தவை சிங்களப் படங்கள். எரித்தவர்களின் தாய்தந்தையர் பார்த்துச் சிரித்த, அழுத படங்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. எங்கள் வீடு எரிந்தபோது கலங்காதிருந்த அவர் கண்கள் அப்போது கலங்கியதை நான் கண்டேன்.

சில நாட்களில் 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களில் அகதிகளைக் காங்கேசன்துறைக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஊருக்குச் சென்றவர்களிற் பலர் அங்கிருந்து இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றார்கள். இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேரின் பயணம் அந்தக் கப்பல் தளத்தில் தொடங்கியதுதான். எங்கள் அம்மாவும் போகலாம் என்றே மன்றாடினார். அப்பா மறுத்துவிட்டார். மாமா தூதனுப்பியபோது அவர் சொன்ன மறுமொழி எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது:

"அந்தாளுக்கு எரிஞ்சது ஸ்டூடியோ. எனக்கு எரிஞ்சது ரெண்டு அலுமாரி. அவர் போகேல்லை. நான் ஏன் போக?"

குணரத்தினம் உண்மையில் போகவில்லை. கொழும்பிலேயே தங்கினார். அவர் ஏன் தங்கினார் என்பதை அப்பா எங்கிருந்தும் அறிந்தவரல்லர். தங்கினார் என்பதே அவருக்குப் போதுமானதாயிருந்தது. அவ்வாண்டிலேயே பாதிக்கப்பட்ட சொத்துக்களையும் கைத்தொழில்களையும் பொறுப்பேற்க 'ரேபியா' எனப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபை அமைக்கப்பட்டது. எரிந்த சொத்துக்கள் சட்டப்படி அரசிடம் சென்று, உரிமையாளர்கள் அவற்றை விண்ணப்பித்து மீளப்பெற வேண்டியிருந்தது. அப்பாவின் முதலாளிக்காக அந்த விண்ணப்பங்களையெல்லாம் எழுதியவர் அப்பாதான். சிங்களத்தில் எழுதினார். எங்கே கற்ற சிங்களம் என்பதை வாசகர் அறிவர்.

1989 வந்தது. மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரச பயங்கரமும் தெற்கை இரத்தக்காடாக்கிய காலம். முந்திய ஆண்டு பெப்ரவரியில் நடிகர் விஜய குமாரதுங்க கொல்லப்பட்டிருந்தார். 1989 ஜூலையில் தேவிஸ் குருகேயும் பிரேமகீர்த்தி த அல்விஸும் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டிலேயே குணரத்தினமும் துப்பாக்கிதாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். தமிழர் என்பதற்காக 1983 இல் எரிக்கப்பட்டவர், ஆறாண்டுகளின் பின் தெற்கின் இன்னொரு நெருப்பில் பலியானார்.

அப்பா அன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த வாரம் அண்ணாவுக்குக் கடவுச்சீட்டு எடுப்பதற்கான படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அண்ணா போனார். பின்னர் அக்காவும் போனார். இருவரின் பயணத்துக்கும் பட்ட கடனை அப்பா பதினொரு ஆண்டுகள் கட்டினார். தாம் மட்டும் போகவில்லை. தாம் பின்பற்றிய மனிதர் கொல்லப்பட்ட பின்னும் தம் முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அம்முடிவைப் பிள்ளைகள்மீது சுமத்தவுமில்லை. தந்தையாக அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது அதுவே என்று இப்போது எண்ணுகிறேன்.

சமூகத் தலைவர்களைப் பற்றி நாம் எழுதும் அஞ்சலிகளில் அவர்கள் கொடுத்த நன்கொடைகளும் வகித்த பதவிகளும் வரிசையாக இடம்பெறும். அவர்களைப் பார்த்து, அவர்கள் அறியாமலே, தம் குடும்பங்களின் விதியை முடிவு செய்தவர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை. பெரிய முதலாளி ஒருவர் கடையைப் பூட்டினாரா, திறந்தாரா என்று பார்த்தே புறக்கோட்டையின் கணக்கப்பிள்ளைகளும் விற்பனையாளர்களும் தாம் இருப்பதா போவதா என்று தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தீர்மானங்களின் பயனையும் பாரத்தையும் சுமப்பவர்கள் நாங்கள், கொழும்பில் இருப்பவர்களும் உலகெங்கும் சிதறியிருப்பவர்களும்.

இரத்மலானை இந்துக் கல்லூரி வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கணித அறை என் நினைவில் எழுகிறது. அப்பா தவறான மனிதரைப் பின்பற்றினாரா என்று என்னை நானே கேட்டதுண்டு. அண்ணாவிடமும் ஒருமுறை தொலைபேசியிற் கேட்டேன். அவர் சற்று மௌனமாயிருந்துவிட்டுச் சொன்னார்: "அவர் போயிருந்தால் நீ பத்திரிகைக்காரனாகியிருக்க மாட்டாய். நான் போகாமலிருந்தால் உயிரோடு இருந்திருப்பேனோ தெரியாது. அப்பா ரெண்டு பக்கத்துக்கும் கணக்குப் பார்த்துத்தான் வச்சவர்."