தறி செய்த கை, கார் செய்த கதை

பட்டிமன்றத் தலைப்பு: குடும்பம் செழிக்கப் பெரிதும் உதவுவது பரம்பரைத் தொழிலைக் காப்பதா? காலத்துக்கேற்ப மாறுவதா?

அணி: காலத்துக்கேற்ப மாறுவதே!

அன்பும் அறிவும் கலந்து தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிற நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற இனிய நண்பர்களே, அரங்கத்திலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் குடும்பத்தோடு அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ரொம்ப உருக்கமாகப் பேசினாங்க. "சேலத்து வெண்பட்டு என்ன, இளம்பிள்ளைச் சேலை என்ன, ராசிபுரத்துப் பட்டு என்ன! தறியை விட்டவன் தாயை விட்டவன்" என்று சொன்னாங்க. அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அம்மா, தாய்க்காகவே தறி செய்து, பிறகு தறியிலிருந்து காருக்கு மாறிய ஒரு குடும்பத்தின் கதையை இப்போது சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு, அவர் தாயை விட்டாரா என்று நீங்களே சொல்லுங்க.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்க. போகிற வருகிற கார்களில் பலவற்றின் மூக்கில், ஆங்கில 'எஸ்' எழுத்தை ஒடித்து வைத்த மாதிரி ஒரு சின்னம் இருக்கும். சுசுகி என்கிற ஜப்பான் கம்பெனியின் சின்னம் அது. கம்பெனிப் பெயர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

ஜப்பானில் ஹமமாட்சு என்று ஓர் ஊர். சுற்றிலும் பருத்தி, வீட்டுக்கு வீடு நெசவு. நம்ம குமாரபாளையம், பள்ளிபாளையம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1887இல் பிறந்தவர் மிச்சியோ சுசுகி. அப்பா பருத்தி விவசாயி. பையன் 14 வயதில் ஒரு தச்சரிடம் வேலை கற்கப் போனான். 1904இல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். வீடு கட்டுகிற வேலை படுத்துவிட்டது. அந்தத் தச்சர் என்ன செய்தார்? "பரம்பரையாக வீடுதான் கட்டுவேன்" என்று உளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தறி செய்ய ஆரம்பித்தார். நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். குருவே எங்க அணிதான்! (சிரிப்பு)

வேலை கற்று முடித்த மிச்சியோ, 1908இல் காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு தறியைத் தன் கையாலேயே செய்தார். அதை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? பெற்ற தாய்க்கு. நாள் முழுக்கக் குனிந்து நெய்த அந்த அம்மாவுக்கு வேலை விரைவாக முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? "எனக்கும் ஒன்று செய்து கொடு தம்பி" என்றாங்க. 1909இல், பட்டுப்புழு வளர்த்த ஒரு கொட்டகையில் சுசுகி தறிப் பட்டறை தொடங்கியது. கோடு போட்ட துணி நெய்யும் தறி செய்தார். பிறகு கைலித் துணி நெய்யும் தறி செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தார். நாம கைலி நெய்து விற்றோம். அவர் கைலி நெய்கிற தறியையே விற்றார்.

அந்தப் பக்கத்து மக்களின் பேச்சில் ஒரு சொல் உண்டு: 'யாரமைக்கா'. காதில் விழும்போது நம்ம ஊர்த் தமிழ் மாதிரியே இருக்கிறது. "யார் அமைக்கா?" என்று கேட்டால், "நான் அமைக்கிறேன்" என்று பதில் சொல்லத் தோன்றும். (சிரிப்பு) அங்கே அதற்கு "செய்துதான் பார்ப்போமே" என்று பொருள். ஹோண்டா கம்பெனியைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா அந்த வட்டாரத்தில் பிறந்தவர். தானியங்கித் தறி செய்து புகழ்பெற்ற சகிச்சி டொயோடாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் மகன் கிச்சிரோ தொடங்கியதுதான் டொயோட்டா கார் கம்பெனி. தறி இருந்த மண்ணில்தான் கார் முளைத்தது என்பதற்கு இரண்டு குடும்பங்கள் சாட்சி.

சரி, நன்றாக ஓடுகிற தறித் தொழிலை ஏன் மாற்ற வேண்டும்? இங்கேதான் அந்த மனிதரின் புத்தி இருக்கிறது. நல்ல தறி ஒன்று செய்து கொடுத்தால் பல வருஷம் உழைக்கும். வாங்கியவர் மறுபடி எப்போது வருவார்? அவர் பேரன்தான் வருவான்! தன் தறி நன்றாக உழைப்பதே தன் வியாபாரத்துக்கு ஒரு நாள் எல்லைக்கோடு போடும் என்று அவர் கண்டுகொண்டார். அதனால் 1937லேயே சின்னக் கார் செய்கிற ஆராய்ச்சியில் இறங்கினார். ஆஸ்டின் செவன் என்கிற ஆங்கிலேயக் கார் ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் படித்தார்கள். மாதிரி வண்டிகளும் தயாராயின. அதற்குள் போர் வந்தது. சொந்தக் கார் அவசியப் பொருள் அல்ல என்று அரசு சொல்லிவிட்டது. வேலை நின்றது.

போர் முடிந்தது. மறுபடி தறி. மறுபடி வியாபாரம். 1951இல் பருத்திச் சந்தை சரிந்தது. நூல் விலை ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கினால் அடுப்பு எப்படி எரியும் என்பதை நம்ம விசைத்தறிக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அதே கதைதான். ஆனால் அந்த வீட்டில் மாற்றத்தைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம், 1952இல், சைக்கிளில் பொருத்துகிற 36 சிசி இன்ஜின் வந்தது. பெயர் பவர் ஃப்ரீ. அதற்கு யோசனை சொன்னவர் மிச்சியோவின் மருமகன் ஷுன்ஸோ. மீன் பிடிக்க சைக்கிளில் போய், எதிர்காற்றில் மிதித்து மிதித்து ஓய்ந்து போன மனுஷனுக்கு வந்த யோசனை அது. நம்ம வீட்டு மாப்பிள்ளை களைத்து வந்தால் காப்பி கேட்பார். அவர் இன்ஜின் கேட்டார்! (சிரிப்பு, கைதட்டல்) ஷுன்ஸோ பெண் வீட்டுக் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்ட வீட்டோட மாப்பிள்ளை. அவருக்குப் பின் வந்து கம்பெனியை உலக அளவுக்கு உயர்த்திய ஒசாமு சுசுகியும் அந்தக் குடும்பத்து வீட்டோட மாப்பிள்ளைதான். பரம்பரை, பரம்பரை என்று பேசும் எதிரணி, மாப்பிள்ளைகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1954இல் கம்பெனியின் பெயரிலேயே மோட்டார் வந்தது. முதல் காரின் மாதிரி வண்டியை ஹக்கோனே மலைப்பாதையில் ஏற்றி இறக்கி, டோக்கியோ வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். 1955இல் சுசுலைட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்ஜின் எவ்வளவு தெரியுமா? 360 சிசி. நம்ம ஊர் புல்லட் வண்டியின் இன்ஜின் 350 சிசி. ஒரு புல்லட் இன்ஜின் அளவில் ஒரு குடும்பமே போகிற கார்! சின்னக் கார்களுக்கு ஜப்பான் அரசு ஓர் அளவு வைத்து வரிச்சலுகை கொடுத்தது. அந்த அளவுக்குள் எவ்வளவு செய்ய முடியும் என்பதுதான் சுசுகி விளையாடிய விளையாட்டு.

"சின்ன வண்டியில் என்னய்யா வேகம் இருக்கும்?" என்று கேட்பீங்க. தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். சின்ன அடுப்பில் அண்டாவை வைத்தால் தண்ணீர் சுட அரை நாள் ஆகும். அதே அடுப்பில் சின்னப் பாத்திரத்தை வையுங்க, பால் பொங்கி வழியும். காரும் அப்படித்தான். வண்டியின் எடை குறைந்தால் சின்ன இன்ஜினே துள்ளும், வளைவில் சட்டென்று திரும்பும், பெட்ரோலும் மிஞ்சும். 1987இல் ஆல்டோ வொர்க்ஸ் என்று ஒரு வண்டி விட்டார்கள். 543 சிசிதான். ஆனால் வெளியேறுகிற புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணித்து, 64 குதிரைத் திறனை எடுத்துவிட்டார்கள். "இதற்கு மேல் போக வேண்டாம்" என்று ஜப்பான் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து அந்த 64லேயே கோடு போட்டுக்கொண்டன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நாம சொன்னோம். அவன் காரம் என்பதைக் கார் என்று படித்துவிட்டான்! (பலத்த கைதட்டல்)

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். 1980களின் தொடக்கம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி என்று இரண்டு மூன்று வகை வண்டிகள்தான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் மாருதி நிறுவனம் ஒரு கூட்டாளியைத் தேடியபோது, முன்வந்தவர் ஒசாமு சுசுகி. 1982 அக்டோபரில் ஒப்பந்தம். தாய்க்குத் தறி செய்து கொடுத்த மிச்சியோ, அதே அக்டோபரில் 95 வயதில் காலமானார்.

மாருதி! வாயுவின் மகன். நாமக்கல்காரருக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டுமா? பதினெட்டடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறாரே ஆஞ்சநேயர். புது வண்டி வாங்கினால் அவர் சந்நிதிக்குத்தானே ஓட்டி வருகிறீர்கள்!

பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். 1983 டிசம்பர் 14ஆம் தேதி, முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கியவர் பெரிய தொழிலதிபர் இல்லை, இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர். 796 சிசி, மூன்று சிலிண்டர், 650 கிலோவை ஒட்டிய எடை. அம்பாசடரோ ஒரு டன்னுக்கு மேல். அந்தத் தொழிற்சாலையில் அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே சாப்பாட்டுக்கூடம். 2014இல் உற்பத்தி நிற்கிற வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மாருதி 800 வண்டிகள் ஓடின. 1984இல் வந்த ஆம்னி, நம்ம பக்கத்தில் கல்யாணத்துக்கும் போனது, ஆஸ்பத்திரிக்கும் போனது. 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஒசூரில், அதே 1984இல் சுசுகி கூட்டோடு மோட்டார் சைக்கிளும் பிறந்தது.

1993இல் ஜென் வந்தது. 2005இல் ஸ்விஃப்ட் வந்தது. ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்துச் செதுக்கிய வண்டி அது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டிருப்பேன். என் மருமகன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னும் பத்து வளைவு இருந்தால் நன்றாக இருக்கும்" என்பார். மாதச் சம்பளக்காரனுக்கும் வண்டி ஓட்டுகிற சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கம்பெனியின் கவர்ச்சி. அதுவரை அது பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த சந்தோஷம்.

"இது ஜப்பான் கதை, நம்ம ஊரில் நடக்குமா?" என்று எதிரணி கேட்கலாம். எங்க தெருவில் தறிமரம் இழைக்கிற தச்சர் ஒருவர் இருந்தார். தறி வேலை குறைந்ததும் நாமக்கல் போய், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சேர்ந்தார். தெருவே சிரித்தது. "தறி செய்த கை தார்ப்பாய் கட்டப் போகுது" என்றாங்க. இரண்டு வருஷம் கழித்து, அவர் கட்டிய முதல் லாரி எங்க தெருமுனையில் வந்து நின்றது. மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்த எங்க அப்பா, "இழைப்பு சுத்தமா இருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்பா கடைசி வரை தறியை விடவில்லை. ஆனால் அந்த மனுஷனைப் பார்த்து அதற்குப் பிறகு அவர் சிரித்ததும் இல்லை.

நாமக்கல் லாரிப் பட்டறைகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இப்படி மாறத் துணிந்த கைகளால் வளர்ந்தவைதானே?

எதிரணி அம்மாவின் கவலையில் நியாயம் உண்டு. ஐம்பது வயது நெசவாளியிடம் போய், "நாளை முதல் வேறு வேலை பார்" என்று சொல்வது கொடுமை. நான் அதைச் சொல்லவில்லை. மிச்சியோ ஒரே நாளில் குதிக்கவில்லை. தறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அடுத்ததை யோசித்தார். தறியையும் தூக்கி எறியவில்லை. 1961இல் தறிப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கினார்கள். நெய்கிறவர் கௌரவமாக நெய்யட்டும், நல்ல கூலி வாங்கட்டும். ஆனால் அவர் பிள்ளை மெக்கானிக் ஆகிறேன் என்றால், "தாயை விட்டவன்" என்று பட்டம் கட்டாதீங்க.

ஒசாமு சுசுகி 2024 டிசம்பரில் 94 வயதில் மறைந்தார். அடுத்த மாதம் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. தறி வீட்டு மாப்பிள்ளைக்குக் கார் செய்ததற்காக நம்ம நாட்டு விருது!

நடுவர் மணியடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. மிச்சியோ தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பரம்பரைச் சொத்து தறி அல்ல. அம்மாவின் முதுகு வலிக்கிறதே என்று பார்த்த கண். மருமகனின் கால் வலியைப் பார்த்ததும், சம்பளக்காரனின் மாதக் கடைசியைப் பார்த்ததும் அதே கண்தான். அந்தக் கண்ணைக் காப்பாற்றுங்கள். கருவி மாறினால் மாறட்டும். எனவே குடும்பம் செழிக்கப் பெரிதும் உதவுவது காலத்துக்கேற்ப மாறுவதே, மாறுவதே என்று சொல்லி அமர்கிறேன்.