மணி அடிக்காத வெள்ளி

எருசலேம் ஆலயம் இடிந்த நாளை யூதர்கள் தங்கள் நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள் நினைக்கிறார்கள். சுமார் 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீரும் கிடையாது. இரவில் தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து புலம்பல் ஆகமம் வாசிப்பார்கள்.

அதே புலம்பலைக் கத்தோலிக்கத் திருச்சபையும் புனித வாரத்தில் பாடி வந்தது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு நோன்பும் துக்கமும் கூடிய நாள் பெரிய வெள்ளிதான்.

அன்று எங்கும் திருப்பலி இல்லை. பீடத்தில் துணியில்லை, மெழுகுவர்த்தியில்லை. மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுவது பழைய வழக்கம். காலையில் நடந்த வழிபாட்டைப் பிற்பகலுக்கு மாற்றியது 1955ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். இப்பள்ளத்தாக்கில் 1910இல் எழுந்த புடு அந்தோணியார் ஆலயமும், 1928இல் கட்டிய கிள்ளான் லூர்து மாதா ஆலயமும் இரண்டு முறையையும் கண்டவை.

பெரிய வெள்ளியன்று பதினெட்டு முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை ஒருவேளை மட்டுமே முழுச் சாப்பாடு. பதினான்கு வயதிலிருந்தே இறைச்சி விலக்கு. யூத நோன்பைவிட இது இளகியதுதான். ஆனாலும் தீபகற்ப மலேசியாவில் அன்று பொது விடுமுறை இல்லை. சபா, சரவாக்கில் மட்டும் உண்டு. விடுப்புக் கிடைக்காத தொழிலாளி வெறும் வயிற்றோடு வேலை பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வருவதை எளிய பக்தி என்று சொல்லிவிட முடியாது.

புலம்பிப் பாடும் மரபு தமிழிலும் உண்டு. ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத் தமிழர் வந்து குடியேறிய இடம் இதே பள்ளத்தாக்கின் பிரிக்ஃபீல்ட்ஸ். அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில், தவக்காலத்தின்போது, ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் ஒப்பாரி ராகத்தில் பாடப்படுகிறது.